கழுத்து இறுக்கம், கை மரப்பு, கால் குடைச்சல்: கொழுந்தெடுக்கும் தாய் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

38 வயதுப் பெண். நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவிலுள்ள ஒரு தோட்டத்தில் பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறார். வலக்கைப் பழக்கம். மூத்த மகள் ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள், இளையவனுக்கு நான்கு வயது. கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். நான் வேலை செய்யும் வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவுக்கு இவர் வந்தபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. “கழுத்தெலும்புத் தேய்மானம், கழுத்துப் பயிற்சி தேவை” என்று அதில் எழுதியிருந்தது. இதை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவரைப் போன்றவர்கள் வாராவாரம் வருகிறார்கள். பெரும்பாலானோர் கையில் இதே துண்டு, இதே எக்ஸ்ரே, இதே மாத்திரை உறைகள். தேய்மானம் என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனித் தொல்லைகள் அடைந்து கிடந்ததையும், அவற்றை எப்படிப் பிரித்தோம் என்பதையும் பதிவு செய்தால், மலையகத்தில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும், இதே தொல்லையோடு மலைக்கு ஏறும் பெண்களுக்கும் உதவும்.

சொன்னதும் பயந்ததும்

“கழுத்து இறுகிப் போயி திரும்ப முடியல மிஸ். கை ரெண்டும் மரத்துப் போகுது. காலும் அப்படித்தான். வாதம் வந்துருமோன்னு பயமா இருக்கு.”

எட்டு மாதமாக இப்படி. பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்து சில வருடங்கள் லயக்காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) படுத்தே கிடந்தவர். பார்த்துக்கொண்டது இவர்தான். கை மரக்கும் ஒவ்வொரு இரவும் அம்மாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்றார். அந்தப் பயத்தைத் தொடாமல் கழுத்தைத் தொடுவதில் பயனில்லை என்று நினைத்தேன். பக்கவாதம் திடீரென்று, நிமிடங்களுக்குள் வருவது. பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும். வாய் கோணும், பேச்சுக் குழறும், தூக்கிய கை தானாக இறங்கும். எட்டு மாதமாக மெதுவாக வளர்ந்து, இரண்டு கையிலும் இருந்து, விடிந்ததும் விட்டுப் போவது அதன் நடையில்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியில் சரியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். திடீரென்று வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அதுவரை பார்த்த வைத்தியம்: தோட்டத்து டிஸ்பென்சரியில் பரசிட்டமோல், டைக்குளோஃபெனக். பக்கத்து வீட்டுப் பாட்டி தேய்த்துவிட்ட கோடாலித் தைலம். டவுன் பார்மசியில் வாங்கிய கழுத்துப் பட்டி. ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே, “நரம்பு ஊசி” என்று பி விற்றமின் ஊசிகள், இரவில் நரம்பு வலிக்கென்று அமிட்ரிப்டிலின் மாத்திரை. அந்த மாத்திரை தொடங்கிய பிறகு கால் தொல்லை கூடியதாகச் சொன்னார். போகிற போக்கில் சொன்ன அந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிய விஷயமாயிற்று.

அவருடைய இருபத்துநான்கு மணித்தியாலம்

கை மரப்போடு வருபவரிடம் எங்கே மரக்கிறது என்று எல்லோரும் கேட்கிறோம். எப்போது மரக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு வெள்ளைத் தாளில் நீளமாகக் கோடிழுத்து, எழும்புவதிலிருந்து மறுநாள் எழும்புவது வரை மணிகளைக் குறித்தேன். அவர் சொல்லச் சொல்ல நிரப்பினோம்.

நாலரைக்கு அடுப்பு. தேங்காய் துருவி, சம்பல் அரைத்து, ரொட்டி தட்டி, மூவருக்கும் பகல் சாப்பாடு கட்டுவது. மகளுக்குத் தலைபின்னி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்துக்கு) ஏறுவது. அங்கிருந்து பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்), பெரட்டிலிருந்து மலை. எடுத்த கொழுந்துக்கு நாளில் மூன்று நிறுவை. மாலை நிறுவை முடிந்து இறங்கினால் பிள்ளை, பீலித் தண்ணீர், துணி துவைப்பு, மறுபடியும் அடுப்பு. இரவு எட்டரைக்குக் கணவரின் அழைப்பு. சமைத்துக்கொண்டே பேசுவார், போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை விறகு, அதுவும் தலையில். சின்னவன் அம்மாவின் வலக்கையில் தலை வைத்தால்தான் தூங்குவான்.

மலையில் அவர் வேலை செய்யும் விதத்தை நடித்துக் காட்டச் சொன்னேன். பழைய பிரம்புக் கூடைக்குப் பதிலாக இவருடைய தோட்டத்தில் இப்போது சாக்கு. அதன் கயிறு உச்சந்தலைக்கு மேலால் வந்து முதுகில் சாக்கைத் தாங்கும். சாக்கு நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்கும். சரிவில் நிற்பவர் விழாமலிருக்க உடம்பை முன்னுக்குச் சாய்த்துத் தாடையை நீட்டிக்கொள்வார். கைகள் இரண்டும் செடி மட்டத்தில் முன்னால் நீண்டபடியே இருப்பதால் தோள்பட்டைத் தசை இறங்கி ஓய்வெடுக்க இடமே இல்லை. மழை நாளில் அதே சாக்கு இன்னும் கனக்கும்.

விரல் வேலை வேறு கதை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளும். கிள்ளியது உள்ளங்கையில் சேரும். கை நிறைந்த பிறகு தோளுக்கு மேலால் சாக்குக்குள் எறிவார்கள். இவர் கெட்டிக்காரர். மற்றவர்கள் எறியும் அளவைப் போல ஏறக்குறைய இருமடங்கு கொழுந்தை மணிக்கட்டு மடங்கியபடி பிடித்து வைத்திருந்துதான் எறிவார். எறிவதில் போகும் நேரம் அப்படி மிச்சமாகும். இருபது வருடமாக முழுப் பேர் (முழு நாள் சம்பளக் கணக்கு) விழாமல் வீடு திரும்பியது குறைவு என்றார். நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று நோம் (ஒரு நாளில் எடுக்கவேண்டிய அளவு) தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எட்டாவிட்டால் அரைப் பேர். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. எந்தத் தொகையானாலும் அது கைக்கு வருவதும் வராததும் அந்தக் கிலோவில்தான் இருக்கிறது. “ஓய்வெடுங்கள்” என்று நாம் எழுதிக் கொடுக்கும்போது, எந்த நாளின் எந்தப் பேரை விடச் சொல்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாளில் மரப்பையும் குறித்தோம். கழுத்து மத்தியான நிறுவைக்குப் பிறகு இறுகி, மாலையில் உச்சத்துக்குப் போய், போன் பேசும் நேரத்தில் தலைவலியாகிறது. கால், இரவு படுத்ததும் தொடங்கி நடுச்சாமத்தில் அடங்குகிறது. கை, இரண்டு மணியளவில் எழுப்புகிறது. காலையில் தேங்காய் துருவும்போது மறுபடியும். மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து வரவேயில்லை. கழுத்தில் நசுங்கும் ஒரே நரம்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இந்தத் தாள் அப்படி இருக்காது.

கையும் காலும் தந்த சாட்சி

ஒரு கைப்படத்தைக் கொடுத்து மரக்கும் இடத்தைப் பேனாவால் நிரப்பச் சொன்னேன். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் கறுப்பாக்கினார். மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் வெள்ளையாகவே நின்றது. இரண்டு கையும் அப்படியே, வலது கொஞ்சம் கூடுதலாக. இரவில் எழும்பி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “கைய ஒதறுவேன் மிஸ். ஒதறுனாத்தான் உசுரு வரும்” என்று உதறியும் காட்டினார். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படும்போது மனிதர்கள் செய்வது இதைத்தான். அதற்குக் கார்ப்பல் டனல் நோய் என்று பெயர். மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே கிடக்கும் தடித்த நாருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியில் ஒன்பது தசைநாண்களோடு சேர்ந்து அந்த நரம்பும் போகிறது. மணிக்கட்டை மடக்கினால் உள்ளே அழுத்தம் கூடும். தூக்கத்தில் நாம் அறியாமலே மடக்குகிறோம். இவர் விஷயத்தில் அந்தக் கையின்மேல் ஒரு பிள்ளையின் தலையும் இருந்தது.

மணிக்கட்டுகளை மடக்கி வைத்துப் பார்க்கும் பேலன் பரிசோதனையில் அரை நிமிடத்துக்குள் வலக்கை மரத்தது, இடது இன்னும் கொஞ்சம் தாமதித்தது. வலது கட்டைவிரல் அடியிலுள்ள மேடு இடதைவிடச் சற்றுத் தட்டையாயிருந்தது. கட்டைவிரலை மேலே உயர்த்தும் பலமும் குறைந்திருந்தது. இந்தத் தட்டைதான் எனக்குக் கவலை தந்தது. மரப்பு போய்வரும், தசை கரையத் தொடங்கினால் காலம் குறைவு என்று பொருள்.

கழுத்தைச் சாய்த்து மேலிருந்து அழுத்தும் ஸ்பர்லிங் பரிசோதனையில் கழுத்து வலித்தது, கைக்கு எதுவும் இறங்கவில்லை. முழங்கைத் தசைகளின் பலமும் அனிச்சைகளும் இரண்டு பக்கமும் சமம். ஒரே கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடந்தார், தடுமாற்றம் இல்லை. கழுத்துத் தொல்லையோடு யார் வந்தாலும் இந்த நடையைப் பார்த்தே ஆகவேண்டும். கழுத்தில் முண்ணாண் (தண்டுவடம்) நசுங்குபவருக்கு நடை தள்ளாடும், பொத்தான் போட விரல் இடறும், சிறுநீர் கட்டுப்பாடு குலையும். அவரைப் பயிற்சிக்கு உட்கார வைக்கக் கூடாது; அன்றைக்கே மேல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு இடையில் இடைவெளி குறைந்திருந்தது உண்மை. ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேரின் கழுத்திலும் இந்த வயதில் இதே மாற்றம் தெரியும். படத்தில் தெரிவதெல்லாம் நோயாகாது. “தேய்ஞ்சு போச்சு” என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து தலையைத் திருப்பவே பயந்து, எட்டு மாதத்தில் பாதி நாள் பட்டியோடு இருந்திருக்கிறார். நீண்ட நாள் பட்டி போட்ட கழுத்தில் தாங்கவேண்டிய தசைதான் தளரும். மூட்டு முழுதாகத் திரும்பியது. தசைதான் இழுத்துப் பிடித்திருந்தது. ஆக கழுத்தில் இருந்தது சுமையால் வந்த தசை இறுக்கம்.

கால்தான் என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. மரக்கிறது என்றவரிடம், தொட்டால் தெரியவில்லையா அக்கா என்று கேட்டேன். “தெரியுது மிஸ். உள்ளுக்குள்ள குடையுது. வெச்ச எடத்துல வெக்க முடியல. எழும்பி நாலு எட்டு நடந்தா நிக்குது.” பாதத்தில் பஞ்சும் ஊசியும் வைத்துப் பார்த்தேன், உணர்வு முழுமையாக இருந்தது. அசைக்காமல் இருக்க முடியாத உந்தல், படுத்தால் தொடக்கம், நடந்தால் நிவாரணம், இரவில் கூடுதல். இந்த நான்கும் சேர்ந்தால் அது அமைதியற்ற கால் எனப்படும் வேறொரு நோய். அதற்கும் கழுத்துக்கும் தொடர்பில்லை. அதற்கும் இரும்புச் சத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அமிட்ரிப்டிலின் அதைக் கூட்டக்கூடிய மருந்துகளில் ஒன்று. சளிக்குக் கொடுக்கும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் அப்படித்தான்.

எங்கள் டாக்டரிடம் இதைப் பேசி இரத்தப் பரிசோதனைகள் செய்தோம். சீனி சரி. தைரொயிட் சரி, கை மரப்போடு வருபவர்களிடம் இவ்விரண்டையும் பார்க்காமல் விடக்கூடாது. ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ் இரத்தச்சோகை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 மட்டுமே.

இரும்பு எங்கே போனது? மாதவிலக்கைப் பற்றிக் கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சின்னவன் பிறந்த பிறகு லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்திருக்கிறார். அதிலிருந்து ஏழெட்டு நாள் போக்கு, முதல் மூன்று நாளும் அதிகம். மலையில் மறைவிடம் இல்லாத நாட்களில் அது எத்தனை சிரமம் என்பதை அவர் சொன்ன விதத்தை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செப்பு லூப் சிலருக்கு மாதவிலக்கைக் கூட்டும் என்பது தெரிந்த விஷயம். அத்தோடு மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ. தேயிலையிலுள்ள டனின், மரக்கறியிலிருந்தும் பருப்பிலிருந்தும் கிடைக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். கர்ப்ப காலத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் பிளேன்டீயில்தான் விழுங்கியிருக்கிறார்.

விளக்கியதும் செய்ததும்

கை மரப்பை, லயத்துக்குத் தண்ணீர் வரும் கறுப்புக் குழாயை வைத்து விளக்கினேன். ஊற்று நன்றாயிருக்கிறது, குழாயும் நன்றாயிருக்கிறது, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் குழாயை நெரிக்கிறது. ஊற்றைத் தோண்டி என்ன பயன்? உடனே பிடித்துக்கொண்டார். “அப்ப கழுத்துக்கு ஊசி போட்டது சும்மாவா?” என்று கேட்டார். பி விற்றமின் குறைந்தவர்களுக்கு அது மருந்து. எல்லா மரப்புக்கும் மருந்தாகாது. பி6 அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

முதலில் இரவைக் கையிலெடுத்தோம். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் தாங்கி இரண்டு கைக்கும். கடையில் கிடைப்பவை பல மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து வைக்கின்றன. நேராக இருப்பதே நல்லது என்பதால் இங்கேயே செய்து கொடுத்தோம். பிள்ளை முதல் வாரம் அழுதான். அம்மாவின் கை கிடைக்காத கோபம். பிறகு மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுக்க வைத்து, அம்மாவின் பழைய சேலையைத் தலையணை உறையாக்கிக் கொடுத்ததில் சமாதானமானான். அந்த யோசனை அவருடைய மகளுடையது.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட வீடுகளில் தாயின் கைக்கு ஓய்வு என்றால் மூத்த பெண்பிள்ளையின் கைக்கு வேலை என்றே முடிந்துவிடுகிறது. துவைப்பும் துருவலும் அவள் தலையில் விழுந்து, சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு வருடம் இருக்கும்போது படிப்பு நழுவும். அந்த வழியை எடுக்கக் கூடாது என்று அவரிடம் நேரடியாகவே சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்திருந்தார். ஆகவே வேலையையே மாற்றப் பார்த்தோம். கனத்த துணிகளை முறுக்கிப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவது. தினமும் தேங்காய் துருவாமல் சம்பலுக்கு ஒருநாள், பருப்புக்கு ஒருநாள். கணவரோடு பேசும்போது போனை அலமாரியில் வைத்து ஸ்பீக்கரில் போடுவது. பிள்ளைகளும் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள், அது எதிர்பார்க்காத நன்மை.

மலை வேலையில் இரண்டு மாற்றம். ஒன்று, கை நிறையும் முன்பே எறிவது. முதல் இரண்டு வாரம் கிலோ குறைந்தது, ஒருநாள் அரைப் பேரும் விழுந்தது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. பழகிய பிறகு பழைய கிலோவை எட்டினார். இரண்டாவது, கயிறு படும் இடத்தில் நான்கு விரல் அகலத் துணிப்பட்டி, தேயிலைச் செடி நிரை முடியும் இடத்தில் சாக்கை இறக்கி வைத்துத் தோளைப் பின்னால் சுழற்றுவது. தாடையை உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சியை நிறுவைக்கு நிற்கும் வரிசையில் செய்யச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்துச் செய்யச் சொல்லும் பயிற்சியை இவருடைய நாளில் எங்கே வைப்பது?

டாக்டரின் கையொப்பத்தோடு தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்கு ஒரு கடிதமும் போனது. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2010இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில், பலம் பிரயோகித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் கார்ப்பல் டனல் நோய் இருக்கிறது என்பதை அதில் குறிப்பிட்டோம். கேட்டது சின்ன விஷயம்: சாக்கு நிறைவதற்கு முன் பாதையோரம் விரித்த படங்கில் (தார்ப்பாயில்) கொட்டிவைக்க அனுமதி. கொழுந்து குறைந்த மாதங்களில் கிடைத்தது. கொழுந்து பொங்கிய மாதத்தில் அவசரத்தில் அது கைவிடப்பட்டது. இதை யாராவது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அமிட்ரிப்டிலினை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இரும்பு மாத்திரை மாலையில் வேலைவிட்டு வந்ததும், தேசிக்காய்த் தண்ணீரோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணீர் இல்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம். சொல்லாவிட்டால் பலர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பூச்சி மாத்திரையும் கொடுத்தோம், ஏனெனில் கொக்கிப்புழுவும் இரத்தம் குடிக்கும். லூப் விஷயத்தைக் குடும்பநல உத்தியோகத்தர் பேசினார். கணவர் வந்திருந்த வாரம் இருவரும் கிளினிக்குக்குப் போய் வேறு முறைக்கு மாறினார்கள்.

நடந்தது

கால் முதலில் அடங்கியது. அமிட்ரிப்டிலின் நின்ற இரண்டு வாரத்திலேயே பாதி. இரும்பு ஏற ஏற மிச்சமும் போய், மூன்றாம் மாதம் படுத்ததும் தூங்கினார். ஹீமோகுளோபின் அப்போது 11.4. மலை ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்ததாக அவரே சொன்னார். நல்ல தூக்கம் வந்த பிறகு கழுத்து இறுக்கமும் பாதியாயிற்று. தூக்கம் கெட்ட உடம்பு வலியைப் பெரிதாகக் காட்டும். இந்த வரிசையில் கழுத்துக்கு நான் செய்த பயிற்சிக்குப் பங்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு என்றால், தூக்கத்துக்கே கூடுதலாகக் கொடுப்பேன்.

இடக்கை ஆறு வாரத்தில் இரவில் எழுப்புவதை நிறுத்தியது. வலக்கை கேட்கவில்லை. மணிக்கட்டில் ஒரு ஸ்டீரோயிட் ஊசி போட்டபின் ஏறக்குறைய மூன்று மாதம் நிம்மதி, பிறகு திரும்பவும் பழையபடி. கண்டியில் செய்த நரம்புக் கடத்தல் பரிசோதனை இடப்பக்கம் இலேசான பாதிப்பையும் வலப்பக்கம் கடுமையானதையும் காட்டியது. கட்டைவிரல் மேடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சத்திரசிகிச்சை என்று டாக்டர் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தன நாள் பேர் போகும்?”

அந்தக் கேள்வியை மதித்துத்தான் நாள் குறித்தோம். மேற்குச் சரிவில் தை, மாசி வறட்சியில் கொழுந்து குறையும், வேலையும் குறையும். பெப்ரவரியில் இடம் மட்டும் மரக்கும் ஊசியோடு சத்திரசிகிச்சை நடந்தது. மணிக்கட்டின் அந்தத் தடித்த நாரை வெட்டி நரம்புக்கு வழிவிடும் வேலை, அன்றைக்கே வீடு. இரண்டு வாரத்தில் தையல் வெட்டு. கணவர் விடுமுறை எடுத்து வந்து அந்த இரண்டு வாரமும் அடுப்பைப் பார்த்தார். விரலை மட்டும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் சொன்னோம், இல்லாவிட்டால் நாண்கள் ஒட்டிக்கொள்ளும். ஆறாம் வாரம் பாதி நாள் மலைக்குப் போனார்.

இரவு மரப்பு சத்திரசிகிச்சை முடிந்த முதல் வாரத்திலேயே போய்விட்டது. உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றினால் வலிப்பது சில மாதம் நீடித்தது. இது வரக்கூடியதே, ஆனாலும் தேங்காய் துருவும் பலகையில் கையை அழுத்த முடியாமல் சிரமப்பட்டார். கட்டைவிரலின் பலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. மேடு முழுதாக நிறையவில்லை. எட்டு மாதத்துக்கு முதலே கையைப் பார்த்திருந்தால் அந்தத் தசையை இழந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கழுத்து எக்ஸ்ரே எடுத்த அன்று யாராவது அவரிடம் சுண்டுவிரலும் மரக்கிறதா என்று கேட்டிருந்தால் போதும்.

இப்போது அவர் முழு நாள் வேலைக்குப் போகிறார். இடக்கைக்கு இரவுத் தாங்கி தொடர்கிறது, கொழுந்து பொங்கும் மாதங்களில் மட்டும் வலக்கைக்கும். மழைக்காலத்தில், சாக்கு நனையும் நாட்களில், கழுத்து இன்னும் இறுகுகிறது; அதற்கு நான் கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிட்டேன், மிச்சம் அந்தப் படங்கில்தான் இருக்கிறது. ஃபெரிட்டினை இன்னொரு தடவை பார்க்கவேண்டும். சேமிப்பு நிறையும்வரை, ஹீமோகுளோபின் சரியான பிறகும் சில மாதம் இரும்பு மாத்திரை தொடரும். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அதே நிரையில் கொழுந்தெடுக்கும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் ராவில் கையை உதறும் பழக்கம் இருக்கிறதாம்.